சவுக்குத் தோப்பில் யாரும் கேட்காத கேள்வி

காரைக்காலில் கால் வைத்ததும் நான் செய்த முதல் காரியம் டவுன் பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டது. கோட்டுச்சேரிக்குப் போகிற பஸ். காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "இருங்க, தர்றேன்" என்று சொல்லிவிட்டு மனிதர் முன்பக்கம் போய்விட்டார். என்னால் இருக்க முடியவில்லை. நான் கிள்ளானில் வேலைக்காலம் முழுவதும் பஸ் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருப்பது என்றால் எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

"டிக்கெட் குடுத்துட்டுப் போங்க" என்று எழுந்து நின்று கத்தினேன். பக்கத்து சீட்டில் கருவாட்டுக் கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கருக்களாச்சேரிக்காரராம். கோட்டுச்சேரிக்கு வியாபாரத்துக்குப் போகிறார்.

"காசு குடுத்தது நீங்க, வாங்குனது அவரு, பாத்தது நானு. அப்புறம் என்ன ஐயா சீட்டு?" என்றார்.

இந்த நாட்டில் எப்படித்தான் பஸ் ஓடுகிறதோ என்று நினைத்துக்கொண்டேன். கோட்டுச்சேரி வருவதற்குள் கண்டக்டர் வந்து டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாமான், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பு, கிள்ளானுக்கு வெளியே இருக்கிறது. அதன் பின்னால் ஒரு சதுப்பு நிலம். வெயில் காலத்தில் அங்கே புல் மட்டும் எரிவதில்லை, மண்ணே எரியும். மேலே தண்ணீர் ஊற்றி அணைத்தால் அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டு வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். என் மனைவி சரோஜாவுக்கு மூச்சிரைப்பு. ஒவ்வொரு புகைமூட்டத்துக்கும் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வராந்தாவில் நான் குந்தியிருப்பேன். இனி ஒரு புகையை இந்த நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. வீட்டை விற்றுவிட்டு மலைப்பக்கம் இருக்கும் மகள் ஊருக்குப் போவது ஒன்று. தாமான்காரர்கள் சேர்ந்து காவல் போட்டு, அந்த நிலத்தில் தீயே பிடிக்காமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. சரோஜாவுக்கு வீட்டை விட மனமில்லை. எனக்கு அக்கம்பக்கத்தாரை நம்ப மனமில்லை. எதிர்வீட்டுக்காரர் கொளுத்தும் குப்பைதான் காற்றில் பறந்துபோய்ப் பற்ற வைக்கிறது என்பது என் சந்தேகம். அவருக்கு என்மேல் சந்தேகம் இருப்பதாகச் சரோஜா சொல்வாள்.

அவளுடைய சித்தப்பா மகன் தட்சிணாமூர்த்தி கோட்டுச்சேரியில் இருக்கிறான். ஒருநாள் போனில் பேச்சோடு பேச்சாக, சுனாமிக்குப் பிறகு கடலோரம் நட்ட சவுக்குத் தோப்பை மீனவர்கள் முறைபோட்டுத் தீயிலிருந்து காக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டதிலிருந்து சரோஜா என்னை நிற்க விடவில்லை.

"போய்ப் பாத்துட்டு வாங்க. நெஜமா இருந்தா இங்கயும் செய்வோம். பொய்யா இருந்தா புரோக்கர வரச் சொல்லுவோம்."

பொய்யாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை நேரில் பார்த்துச் சொன்னால்தான் அவள் நம்புவாள் என்பதற்காக விமானம் ஏறினேன்.

தட்சிணா பள்ளிக்கூடத்தில் எழுத்தர். நிலமும் உண்டு. நெல் அறுத்த வயலில் கோடைக்குப் பருத்தி போட்டிருந்தான். பள்ளி விடுமுறை என்பதால் பகலெல்லாம் வயல்தான். அன்று இரவு அவன் மனைவி மாங்காய் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். எங்கள் ஊரில் ஈக்கான் பிலிஸ் என்று தேங்காய்ச் சோற்றின்மேல் பொரித்துத் தூவுகிறோமே, அதே மீன்தான். புளியும் மாங்காயும் சேர்ந்ததும் அது வேறு ஜாதி மீனாகிவிட்டது. வெட்கத்தை விட்டு மூன்றாம் முறையும் சோறு கேட்டேன்.

"மீன்பிடித் தடைக்காலம் அத்தான். பச்சை மீனு கெடைக்காது. போட்டுக்காரங்க எல்லாம் கரையிலதான் கெடக்காங்க" என்றான் தட்சிணா.

"தோப்புக் காவல் உண்மைதானா மாப்பிள்ளை?"

அவன் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "காவல் இருக்கு. ஆனா வேலியே பயிர மேயுற கதைதான். அவங்களே வச்சுட்டு அவங்களே அணைப்பாங்க. எரிஞ்ச மரம்னு சொல்லி வெட்டி வெறகாக்கிக்கலாம் பாருங்க."

"பார்த்தாயா?"

"பாக்கல. சொல்றாங்க."

ஒத்த கருத்துள்ளவன் ஒருவன் கிடைத்தான் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் தன் டிவிஎஸ் மொபெட்டில் என்னைக் கோட்டுச்சேரிமேட்டுக்கு அழைத்துப் போனான். கடலோர மீனவர் குடியிருப்பு அது. பாதி வழியில் செயின் கழன்று, இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தோம். என்னை ஊர்ப் பஞ்சாயத்தார் செல்வராசிடம் ஒப்படைத்துவிட்டு, பருத்திக்கு மருந்தடிக்க வேண்டும் என்று அவன் நழுவிவிட்டான். அந்த அவசரமும் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது.

செல்வராசு என்னைவிடக் கொஞ்சம் இளையவர். தலைத்துண்டைத் தோளுக்கு இறக்கிவிட்டுக் கும்பிட்டார். "வாங்க மலேசியா சார். என்ன பாக்கணுமோ பாருங்க. ஒண்ணும் ஒளிவு மறைவு கெடையாது."

ஒளிவு மறைவு இல்லை என்று முதலிலேயே சொல்கிறவரிடம்தான் நான் எப்போதும் டிக்கெட்டை இரண்டாம் முறை கேட்பேன்.

ஊருக்கும் கடலுக்கும் நடுவே தோப்பு. நட்டு நாலைந்து வருடமான சவுக்கு, வீட்டு உயரத்தைத் தாண்டி நின்றது. அடியில் சருகு மெத்தையாகக் கிடந்தது. கையில் எடுத்தேன், மொடமொடவென்று நொறுங்கியது. ஒரு தீக்குச்சி போதும். அந்த மெத்தையை ஊடறுத்துப் பெண்கள் அகலமான பாதைகளாக வெறும் மணல் தெரியக் கூட்டி வைத்திருந்தார்கள். ஒரு பாத்தியில் தீப்பிடித்தாலும் மணலைத் தாண்டி அடுத்த பாத்திக்குப் போகாதாம். கூட்டிய சருகை வீட்டு அடுப்புக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நான் போனபோதும் கூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

எனக்காகக் கூட்டுகிறார்களோ? குனிந்து பாதையின் ஓரத்தைப் பார்த்தேன். முதல்நாள் கால்தடங்கள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன்.

"என்ன ஐயா, எதாவது வுளுந்துடுச்சா?" என்று ஒரு பெண் கேட்டாள். பெயர் கலா. மீன் வியாபாரம் செய்கிறவள். தோப்பை ஒட்டிய கடைசி வீடு அவளுடையது. துடைப்பம் பிடித்த கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கிப் பளபளத்தது. தீக்காயம் என்று பார்த்ததும் தெரிந்தது. தீயை அணைக்கப் போய் வந்ததா, வைக்கப் போய் வந்ததா என்று என் மனம் கேட்டது. வாயால் கேட்கவில்லை.

தோப்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு பனங்கட்டையை நட்டு, அதில் மீன் அள்ளும் பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் தீப்பெட்டி, லைட்டர், பீடிக்கட்டு எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுப் போய்த் திரும்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டுமாம். மதுக்கடை பெருத்த ஊர் காரைக்கால். பக்கத்து மாவட்டங்களிலிருந்து பாட்டில் வாங்க வருகிறவர்கள் நிழலுக்கு ஒதுங்குவதும் இந்தத் தோப்பில்தான். அவர்களும் கூடையில் போடுவார்களாம்.

"ஒருத்தன் போடாம மறைச்சுக் கொண்டு போனா?" என்று கேட்டேன்.

"போவான்" என்றார் செல்வராசு.

"சோதிக்க மாட்டீங்களா?"

"சோதிச்சா மறைக்கத்தான் செய்வான் சார். சோதிக்கலன்னா பாதிப் பேரு கூச்சப்பட்டுகிட்டே போட்டுருவான்."

பரிசோதகரே இல்லாத பஸ்! எனக்குத் தலை சுற்றியது. கூடையில் கிடந்த தீப்பெட்டிகளைப் பார்த்தேன். காட்சிக்காக வைத்தவையோ என்று ஒன்றைக் குலுக்கினேன். குச்சி இருந்தது.

காவல் முறையையும் சொன்னார். ஒரு போட்டில் சேர்ந்து கடலுக்குப் போகிற ஆட்கள் ஒரு நாள் காவல். பிடிபட்ட மீனைப் பங்கு பிரிப்பது போலவே காவலையும் பங்கு போட்டிருக்கிறார்கள். தடைக்காலமும் கொளுத்தும் வெயிலும் ஒன்றாக வருவதால் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. விவசாயிகள் வரப்புப் புல்லைக் கொளுத்தும்போது பொறி பறந்து வருகிறது என்று சொல்லிவிட்டு, தட்சிணா போன பக்கம் பார்த்தார். ஆக இவர்களுக்கும் ஒரு எதிர்வீட்டுக்காரர் இருந்தார்.

தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மொத பாத்தவன் கத்தணும். அவ்வளவுதான்" என்றார். எனக்கு அது பதிலாகவே படவில்லை.

அன்று சாயங்காலம் கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் முட்டைப் பரோட்டா தின்றுகொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். பரிசோதகர் வருகிறார் என்று தெரிந்தால் எல்லாரும் டிக்கெட்டைக் கையில் வைத்திருப்பார்கள். சொல்லாமல் போக வேண்டும். எல்லாரும் சாப்பிட்டு அசரும் உச்சி வெயிலில் போக வேண்டும். முன்வழியாக அல்ல, வயல் பக்கமாகப் போக வேண்டும். அப்போது தெரிந்துவிடும் காவலின் லட்சணம்.

அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் தட்சிணாவின் பருத்தி வயல்வரை அவனோடு வந்தேன். அவன் மருந்தடிக்கிற மிஷினில் தண்ணீர் ரொப்பிக்கொண்டிருந்தான். காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வரப்பு வழியாகத் தோப்பின் பின்பக்கம் நுழைந்தேன். தீப்பெட்டிக் கூடை அந்தப் பக்கம் கிடையாது.

மேற்கே இருந்து கச்சான் காற்று முதுகில் சுட்டது. மரங்களின் ஊடே பார்த்தால் தூரத்தில் ஒரு படகின் நிழலில் அன்றைய காவல்காரர்கள் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிடித்துவிட்டேன்! சரோஜாவிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம்கூட அமைத்துவிட்டேன். இன்னும் உள்ளே போய் ஒரு போட்டோ எடுக்கலாம் என்று நடந்தேன்.

அப்போதுதான் மூக்கில் ஏறியது. புகை.

இரண்டு பாத்திகளுக்கு அப்பால் சருகில் ஒரு முறம் அளவுக்குத் தீ. பக்கத்தில் ஆள் இல்லை. நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? யார் வைத்தது என்று தேடினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பிராந்தி பாட்டில் கிடந்தது. இன்றையதா, போன மாதத்தியதா? ஒரு கால்தடம் இருந்தது. அது என்னுடையதாகவே இருந்தது. தேடி நிமிர்வதற்குள் முறம் ஒரு பாய் அளவாகிவிட்டது.

செருப்புக்காலால் மிதித்தேன். செருப்பின் அடி இளகி மணலில் ஒட்டியது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. கத்தினால் ஓடி வருவார்கள். வந்து பார்த்தால் தீ இருக்கும், நான் இருப்பேன். யாரும் வராத வழியாக, யாரிடமும் சொல்லாமல், கூடைப் பக்கமே போகாமல் வந்த வெளிநாட்டுக்காரன். நானே பரிசோதகராக இருந்தால் யாரைப் பிடிப்பேன்? யோசிக்கவே வேண்டாம், என்னைத்தான் பிடிப்பேன். பயத்தில் வந்த வழியே இரண்டடி பின்வாங்கினேன்.

காற்று ஒரு சுற்றுச் சுற்றிப் புகையை என் முகத்தில் அடித்தது. இருமல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் முன்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் மெத்தையைப் பிடித்துக்கொண்டு, ஒரு மூச்சுக்காகச் சரோஜா படும் பாடு கண்ணில் வந்தது. எங்கள் சதுப்பு நிலத்திலும் யாரோ ஒருவன் தீயை முதலில் பார்த்திருப்பான். பார்த்துவிட்டு இப்படித்தான் இரண்டடி பின்வாங்கியிருப்பான்.

"நெருப்பு! நெருப்பு! ஓடி வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சீட்டாடிய கூட்டம் எழுந்து ஓடி வந்த வேகத்தைப் பார்த்தால், அவர்கள் சீட்டாடியதே அந்த ஒரு சத்தத்துக்குக் காதை வைத்துக்கொண்டுதான் என்று தோன்றியது. ஊருக்குள்ளிருந்து ஆணும் பெண்ணும் நனைத்த சாக்கோடு வந்தார்கள். கரைவலை இழுக்கும்போது இரண்டு முனையிலும் ஆள் பிரிந்து நிற்பார்களே, அதேபோல யாரும் சொல்லாமலே இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டம் வடக்கே, ஒரு கூட்டம் தெற்கே. இரு பக்கமும் மணல் பாதையில் நின்று, சாக்கால் அடித்து அடித்து நடுவை நோக்கி நெருங்கினார்கள். யாரோ என் கையிலும் ஒரு ஈரச் சாக்கைத் திணித்தார்கள்.

"கடக்காத்து வர்றதுக்குள்ள முடிக்கணும்!" என்று செல்வராசு கத்தினார்.

வெயில் காலத்தில் கடற்காற்று எப்போது வரும் என்று ஏங்காத மனிதர் இந்தக் கரையில் இல்லை. அன்று அது வரக்கூடாது என்று ஒரு ஊரே பயந்தது. மேற்குக் காற்று இருக்கும்வரை தீ கடலைப் பார்த்துப் போகும். கடற்காற்று எழுந்துவிட்டால் அப்படியே திரும்பி வீடுகளுக்கு வரும். முதல் வீடு கலாவின் வீடு. அவள் எனக்கு எதிரே நின்று, அந்தச் சுருங்கிய கையால் சாக்கை வீசி வீசி அடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது வயல் பக்கமிருந்து தட்சிணா ஓடி வந்தான். முதுகில் மருந்தடிக்கிற மிஷின். நல்லவேளை, மருந்து இன்னும் கலக்கவில்லை. தாங்களே வைத்துத் தாங்களே அணைப்பவர்கள் என்று அவன் சொன்ன அதே மனிதர்களுக்கு நடுவே நின்று, கைப்பிடியை ஆட்டி ஆட்டித் தண்ணீரைப் பீய்ச்சினான். தீர்ந்ததும் வாய்க்காலுக்கு ஓடி ரொப்பிக்கொண்டு திரும்பி வந்தான். இரண்டு பக்கத்து ஆட்களும் நடுவில் சந்தித்தபோது கீழே கரியும் புகையும்தான் இருந்தன. கருகியது ஒரு பாத்தி. அதன்மேல் மணலை வாரிப் போட்டுக்கொண்டிருந்தபோது கடற்காற்று வந்தது. சட்டை குளிர்ந்தது. அப்பாடா என்று அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

இனி விசாரணை வரும் என்று காத்திருந்தேன். பதிலை வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். எதற்கு இந்தப் பக்கம் வந்தேன், எத்தனை தூரத்தில் தீயைப் பார்த்தேன், எனக்குப் பீடி, சிகரெட் பழக்கமே இல்லை, எல்லாம் தயார்.

யாரும் கேட்கவில்லை. ஒருவர் குடிக்கத் தண்ணீர் தந்தார். இன்னொருவர் என் செருப்பைப் பார்த்து, "இது இனிமே ஒதவாது சார்" என்றார். கலா மோர் கொண்டுவந்தாள். காவல்காரர்கள் கருகிய பாத்தியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள், அடியில் கனல் இருக்கிறதா என்று பார்க்க.

நானே ஆரம்பித்தேன். "நான் இப்படி வரப்பு வழியா வந்தேனா..."

"சாப்புட்டீங்களா சார்?" என்றார் செல்வராசு.

"சாப்பிட்டேன். நான் வந்து பாக்கும்போதே..."

"ராத்திரி நம்ம வீட்டுல சாப்புடுங்க. கருவாடுதான் இருக்கு."

முடிவே கட்டிவிட்டார்கள்! நான்தான் வைத்தேன் என்று தீர்மானித்துவிட்டு, வெளிநாட்டுக்காரன் ஆயிற்றே, தட்சிணா வீட்டு விருந்தாளி ஆயிற்றே என்று மரியாதைக்காக மூடி மறைக்கிறார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லா முகத்திலும் கரி இருந்தது. வேறு ஒன்றும் படிக்க முடியவில்லை.

"நான் வைக்கலம்மா" என்று கலாவிடம் சொல்லியே விட்டேன். சொன்னதும் எனக்கே வெட்கமாக இருந்தது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று யாராவது கேட்டா சொன்னார்கள்?

அவள் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். "அதச் சொல்லக் கூடாதுங்க ஐயா."

"ஏன்?"

செல்வராசுதான் முதலில் பேசினார். "மொதல்ல எங்க ஊர்ல வேற மாதிரி இருந்துச்சு சார். தோப்புல தீ வச்சவன் யாருன்னு கண்டுபுடிச்சு ஊர்க் கட்டுப்பாடு போடுவோம். கடலுக்குப் போவக் கூடாது. அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போவக் கூடாது. அப்படி பயம் இருந்தாத்தான் தீ வராதுன்னு நெனச்சோம்."

"சரியாத்தானே இருக்கு" என்றேன்.

"அந்த வருசம்தான் என் வீடு எரிஞ்சுச்சு" என்றாள் கலா. "ஒருத்தர் மொத ஆளாப் பொகையப் பாத்துருக்காரு. கத்துனா 'நீ எதுக்கு அங்க போன'ன்னு கேப்பாங்க, நம்ம தலையில வுளுந்துடும்னு பயந்துகிட்டு, சத்தம் போடாம வீட்டுக்குப் போயிட்டாரு. நெருப்பு என் கூரையில ஏறுனப்பதான் ஊருக்கே தெரிஞ்சுது. உள்ள என் பொண்ணு தூங்கிகிட்டு கெடந்தா. தூக்கிட்டு வந்ததுல இந்தக் கை இப்புடி ஆயிப்போச்சு."

"பொம்பளைங்க பஞ்சாயத்துல பேசுற வழக்கம் கெடையாது சார்" என்றார் செல்வராசு. "கட்டுப் போட்ட கையோட இது வந்து நடுவுல நின்னுடுச்சு. யாரு வச்சான்னு இனிமே கேக்காதீங்க, மொத கத்துனவன ஒரு வார்த்தை கேக்காதீங்க, அப்பதான் கத்துவாங்கன்னுச்சு. பெரிய சண்டை. ஒத்துக்கவே ரொம்ப நாளாச்சு."

எனக்குள் இருந்த பரிசோதகர் துள்ளி எழுந்தார். "யாரும்மா அந்த ஆள்? கத்தாமல் போனவர்?"

"பாத்தீங்களா, கேக்குறீங்க."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அப்பறமா அவரே வந்து அளுதுட்டுச் சொன்னாரு. இன்னிக்கு உங்க பக்கத்துல நின்னுதான் சாக்கு அடிச்சாரு."

என் கண் தானாகக் கூட்டத்துக்குள் ஓடியது. வலப்பக்கம் நின்றவரா, இடப்பக்கம் நின்றவரா? சாக்கைக் கையில் திணித்தவரா?

"தேடாதீங்க ஐயா" என்றாள் கலா. குரலில் கோபம் இல்லை. "நீங்க 'நான் வைக்கல'ன்னு சொல்லிட்டீங்கன்னா, நாளைக்குக் கத்துறவனும் அதச் சொல்லணும். சொல்லாதவன் மேல எல்லாரு கண்ணும் போவும். அப்பறம் மறுபடி எவனும் கத்த மாட்டான். உங்க மேல சந்தேகம் இருந்தா அது எங்க மனசோட இருக்கட்டும். இருந்துட்டுப் போவுது. என் வீடு நிக்கிதுல்ல?"

சந்தேகம் இல்லை என்று அவள் சொல்லவில்லை. ஒரு வார்த்தைக்காகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அது சுருக்கென்று தைத்தது. செல்வராசு வீட்டில் அன்று இரவு கருவாட்டுக் குழம்பு ருசியாகத்தான் இருந்திருக்கும். எனக்கு ஒரு கவளமும் இறங்கவில்லை. இலையில் மீண்டும் மீண்டும் பரிமாறினார்கள். இதெல்லாம் என்னைக் குற்றவாளி என்று நினைத்துப் பரிமாறுவதா, இல்லையென்று நினைத்தா? தெரிந்துகொள்ளவே வழி இல்லை. அதே வரிசையில் உட்கார்ந்து, அன்று கத்தாமல் போனவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கலாம். அவரும் எத்தனை நாள் இப்படித்தான் விழுங்கினாரோ.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். காவலில் இருக்கும்போது சீட்டாடியது தப்புதான். அதை இன்றைக்கும் சொல்வேன்.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் கடைத்தெரு பூத்திலிருந்து சரோஜாவோடு பேசினேன்.

"நெஜமா, பொய்யா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"நெஜம்தான்."

"அப்ப நம்ம தாமான்லயும் செய்யலாமா?"

"செய்யலாம். ஆனா யாரு வச்சாங்கன்னு யாரும் கேக்கக் கூடாதாம். எதிர்வீட்டுக்காரரையும் கேக்கக் கூடாது."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"உங்களால முடியுமா?" என்று கேட்டாள். கேலி இல்லாமல் கேட்டாள். "முடியாதுன்னா சொல்லிடுங்க. புரோக்கரு ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொல்லியிருக்காரு."

முடியும் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

தட்சிணா மொபெட்டில் என்னைப் பஸ்ஸுக்கு அழைத்துப் போனான். தோப்பில் எரிந்த கதையையே அவன் இரண்டு நாளாகப் பேசவில்லை. மீனவர்களைப் பற்றிக் குறையும் சொல்லவில்லை. ஆள் திருந்திவிட்டான் என்றே நினைத்தேன். பஸ் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தான்.

"அத்தான், நமக்குள்ள இருக்கட்டும். உண்மையச் சொல்லுங்க. நீங்களா?"

இந்த ஒரு கேள்விக்காக நான் எப்படித் தவித்திருந்தேன்! ஒருவராவது கேட்க மாட்டாரா, ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல மாட்டோமா என்று எத்தனை நேரம் புரண்டிருக்கிறேன். கேட்டேவிட்டான். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவனும் நம்பிவிடுவான், என் மானமும் பிழைக்கும். அடுத்த கோடையில் புகையைப் பார்த்துக் கத்துகிறவனிடமும் அவன் இதையே கேட்பான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அவன் முகம் மாறியது. ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் என் பையைத் தூக்கிப் பஸ்ஸுக்குள் வைத்தான். "பாத்துப் போங்க அத்தான்" என்றபோது என் கண்ணைப் பார்க்கவில்லை. நான்தான் வைத்தேன் என்று அவன் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன்.

பஸ் மாறும் ஊரில் இறங்கியதும் முதல் வேலையாகச் சரோஜாவுக்குப் போன் போட்டு, புரோக்கரை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.